மூன்று பக்கம் ஆறு, நான்காம் பக்கம் நாத்தனார்

ஸ்பெயினின் டொலேடோவில் தங்க இடம் தேடுகிறவர்கள் முதலில் வரைபடத்தை மூடிவைத்துவிட வேண்டும். வரைபடத்தில் அந்த ஊர் தோசையாகத் தட்டையாகக் கிடக்கிறது. விடுதியிலிருந்து கதீட்ரலுக்கு 300 மீட்டர் என்று போட்டிருப்பார்கள். அந்த 300 மீட்டரில் எவ்வளவு தூரம் வானத்தை நோக்கிப் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

மாட்ரிட்டிலிருந்து தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் போனால் ஒரு பாறைக் குன்று. அதன் மூன்று பக்கத்தையும் வளைத்துக்கொண்டு தாஹோ ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. ரோமானியர், விசிகோத்துகள், அரபியர், காஸ்டில் அரசர்கள் என்று வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குன்றை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம், எதிரி அவ்வளவு எளிதில் ஏறி வர முடியாது என்பதுதான். எதிரிக்காகச் செய்த ஏற்பாடு சூட்கேஸோடு வருகிறவர்களுக்கும் பாகுபாடில்லாமல் பொருந்துகிறது.

நாங்கள் நால்வர். மாட்ரிட்டில் முதுகலை படிக்கும் மகன், பொதுப்பணித்துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர், அவருடைய அக்கா, நான். மகனுடைய அறையில், மேசைமேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு நாடாளுமன்றத் தேர்தலுக்குக்கூட இத்தனை சுற்றுப் பேச்சுவார்த்தை நடந்திருக்காது.

மகன் எடுத்த எடுப்பிலேயே, "எதற்கு அறை? அதோச்சா நிலையத்தில் ரயில் ஏறினால் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காலையில் போய்விட்டு மாலையில் வந்துவிடலாம்" என்றான். அவனுடைய நண்பர்கள் எல்லாரும் அப்படித்தான் போய் வந்தார்களாம். அதுதான் சிக்கலே. காலை பத்து மணிக்கு எல்லாருடைய நண்பர்களும் அங்கேதான் இறங்குகிறார்கள். குடை பிடித்த வழிகாட்டியின் பின்னால் முண்டியடித்துக்கொண்டு ஒரு ஊரைப் பார்ப்பதற்குப் பதில் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

என் கணவர் பரடோரில் நின்றார். பரடோர் என்பது ஸ்பெயின் அரசு நடத்தும் விடுதிகள். பழைய கோட்டைகள், மடாலயங்கள் பலவற்றை அப்படி மாற்றியிருக்கிறார்கள். 1928இல் கிரெதோஸ் மலையில் முதல் விடுதி திறக்கப்பட்டது. டொலேடோவில் இருப்பது ஆற்றுக்கு அந்தப் பக்கம், எதிர்க்குன்றின் மேல். மாடத்தில் நின்றால் அல்கசார் கோட்டையும் கதீட்ரல் கோபுரமுமாக ஊர் முழுவதும் கண்முன் விரிகிறது. நீச்சல் குளமும் உண்டு. "ஊரைப் பார்க்க வேண்டுமானால் ஊருக்கு வெளியேதான் தங்க வேண்டும்" என்றார். "பார்த்துக்கொண்டே இருக்கலாம், போகத்தான் ஒவ்வொரு முறையும் டாக்ஸி வேண்டும்" என்றேன். அவர் நீச்சல் குளத்தில் இறங்கி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அதன் நீள அகலத்தைக் கேட்டு விடுதிக்கு எழுத முனைந்தார்.

மதிலுக்கு வெளியே, வடக்கில் பிசாக்ரா வாயிலை ஒட்டி, மலிவான ஹோட்டல்கள் இருக்கின்றன. லிஃப்ட், கார் நிறுத்துமிடம், எல்லாம் உண்டு. காரில் வருகிறவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. மேலே தெருக்கள் இருக்கிற லட்சணத்துக்கு வண்டியைக் கொண்டுபோவது வேண்டாத வேலை. அங்கிருந்து மேலே போக, குன்றின் சரிவிலேயே வெட்டிப் பதித்த நகரும் படிக்கட்டு ஒன்றை 2000இல் அமைத்திருக்கிறார்கள். 36 மீட்டர் உயரத்தை வளைந்து வளைந்து ஏறுகிறது. என் கணவர் அதன் படங்களைப் பார்த்து, "மதிலுக்கு ஒரு கீறல்கூட விழாமல் செய்திருக்கிறான் பார்" என்று நெகிழ்ந்துபோனார். ஆனால் அது இரவில் நின்றுவிடும். ஸ்பெயினில் இரவு ஒன்பது மணிக்கு முன்னால் உணவகத்துக்குப் போனால் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். நாம் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது படிக்கட்டு தூங்கப் போயிருக்கும்.

ஆக, நான் சொன்னது குன்றின் மேலே, மதிலுக்கு உள்ளே. அதற்கு அக்கா மூன்று நிபந்தனைகள் வைத்தார். முட்டி, மணி, அடுப்பு.

முட்டி வலிக்கு ஏற்ற இடமாக இருக்க வேண்டும். இரவில் தேவாலய மணி தலைமாட்டில் அடிக்கக் கூடாது. மூன்றாவதுதான் எங்களை ஆட்டி வைத்தது. டொலேடோவின் பெருமை மிக்க உணவுகள் கௌதாரியும் மான் இறைச்சியும். காய்கறியைத் தக்காளியோடு வதக்கிய பிஸ்தோ என்ற ஒன்று சைவக்காரர்களுக்குக் கைகொடுக்கும். அதன் தலையிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கொண்டு வந்துவிடுவார்கள். அதனால் அக்கா ஊரிலிருந்தே அரிசி, பருப்பு, பொடி வகைகளோடு தன் பழைய அலுமினிய குக்கரையும் கொண்டுவந்திருந்தார். அந்த குக்கர் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடேறாது. ஸ்பெயின் வீடுகளில் கண்ணாடி அடுப்பிலேயே இரண்டு வகை உண்டு. ஒன்று இண்டக்‌ஷன், மற்றது உள்ளே கம்பி சிவந்து எரியும் கண்ணாடி அடுப்பு. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புக் கண்ணாடிதான்.

அதற்குப் பிறகு நாங்கள் விடுதிகளின் காட்சியையோ படுக்கையையோ பார்க்கவில்லை. அடுப்புப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். 16ஆம் நூற்றாண்டு உத்தரம், கைவேலைப்பாட்டு ஓடு, ஜன்னல் வழியே கதீட்ரல் என்று அழகான வீடு ஒன்று வந்தது. "அடுப்பு?" என்றார் அக்கா. தள்ளினோம். ஒரு வீட்டில் அடுப்பின்மேல் பூச்சாடியை வைத்துப் படம் எடுத்திருந்தார்கள். "மறைக்கிறார்கள்" என்று அதையும் தள்ளினார். மகன் உரிமையாளர்களுக்கு எழுதி எழுதிக் கேட்டான். ஒருவர் மட்டும், அடுப்பை எரியவிட்டு, சிவந்த வளையத்தைப் படம் எடுத்து அனுப்பினார். அந்த ஒரு படத்தில் வழக்கு முடிந்தது.

வீடு சாந்தோ தோமே தேவாலயத்துக்குக் கீழே, பழைய யூதர் குடியிருப்புப் பக்கம். லிஃப்ட் கிடையாது, மாடிக்குப் பதினெட்டுப் படி. உரிமையாளர் அம்மாள் கீழ்த்தளத்தில் முற்றத்தை ஒட்டி இருக்கிறார். படிகளைக் கேட்டதும் அக்கா முட்டியைத் தடவினார், சிவந்த வளையத்தைப் பார்த்தார், சரி என்றார்.

போய்ச் சேர்ந்தது பிற்பகல் மூன்று மணிக்கு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டு ஓய்வெடுக்கும் நேரத்தில். ரயில் நிலையத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், 1919இல் திறந்தது. வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாக அரண்மனை என்று நினைக்கத் தோன்றும். வெளியே டாக்ஸி பிடித்தோம். டாக்ஸிக்காரர் தெரு குறுகக் குறுகப் பக்கக் கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, நடந்து வருகிறவர்கள் எல்லாம் வாசற்படியில் ஒட்டிக்கொள்ள, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு கை அகலம் விட்டுப் போனார். ஒரு திருப்பத்தில் நிறுத்தி, எதிரே இருந்த சந்து ஒன்றைக் காட்டிவிட்டுத் தோளைக் குலுக்கினார். அதற்குமேல் வண்டி போகாது.

சந்து முழுவதும் கூழாங்கல் பதித்த தரை. அதில் நான்கு சூட்கேஸ்களின் சக்கரங்கள் எழுப்பிய சத்தத்தை இங்கே எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு ஜன்னல் திறந்தது. இன்னொன்று திறந்தது. மகனின் கைபேசி, நாங்கள் ஒரு கன்னியர் மடத்தின் கூரைமேல் நிற்பதாகக் காட்டியது. மேல்மாடத்தில் ஒரு பாட்டி வந்து நின்றார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை. கையை நீட்டி மேலே, இடது பக்கம், பிறகு கீழே என்று காற்றில் கோடு போட்டுக் காட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டார். சூட்கேஸ் சத்தம் கேட்டாலே எந்த வீட்டுக்கு என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் கணவர் ஏற்றத்தில் பாதி வழியில் நின்று, "இது ஆறுக்கு ஒன்று சரிவு. சாய்தளம் இப்படி அமைத்தால் எங்கள் துறையில் விளக்கம் கேட்பார்கள்" என்றார். மூச்சு வாங்குவதற்கு அவர் வைத்திருக்கும் மரியாதையான பெயர் அது. அக்காவைத் தேடினால் ஆளைக் காணோம். பதறிப்போய் மேலே ஏறினால், எங்களுக்கு முன்பே போய், வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். "முட்டி?" என்றேன். "ஏறும்போது எனக்கு வலிக்காதே. இறங்கும்போதுதான்" என்றார். வாரக்கணக்கில் ஏற்றத்தைப் பற்றி மட்டுமே விவாதித்த எங்களிடம் இதை அவர் அன்றுதான் சொல்கிறார்.

டொலேடோவில் ஒரு தெருவுக்கு ஏறிப் போனால் அடுத்த தெருவுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். எனவே அக்காவுக்காக, ஏற்றங்களை நடந்தும் இறக்கங்களை ஊருக்குள் ஓடும் குட்டி பஸ்ஸிலுமாக நாங்கள் போட்ட பயணத் திட்டம் ஒரு ராணுவத் தளபதியை ஓய்வுபெற வைத்திருக்கும்.

எல் கிரேக்கோ அருங்காட்சியகம் எங்கள் வீட்டுக்கு அருகில்தான். கிரீட் தீவில் பிறந்த அந்த ஓவியர் 1577இல் டொலேடோவுக்கு வந்து 1614இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். "இது அவருடைய வீடா?" என்று அக்கா கேட்டார். இல்லை. அவர் இந்தப் பகுதியில் இருந்த வில்லேனா பிரபுவின் மாளிகையில் வாடகைக்கு இருந்தவர். அந்த மாளிகை இப்போது இல்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேகா இன்க்லான் என்ற பிரபு பக்கத்திலிருந்த பழைய வீடொன்றை வாங்கிச் சீர்செய்து அருங்காட்சியகமாக்கினார். பரடோர் விடுதிகள் தோன்றுவதற்கு முன்கை எடுத்தவரும் அவரேதான். அதைக் கேட்டதும் என் கணவர், தன் கட்சிக்காரரைக் கண்டுகொண்ட முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்காவின் கவலை வேறு. "முப்பத்தேழு வருஷம் சம்பாதித்தும் வாடகை வீடா?" என்று உச்சுக்கொட்டினார்.

கதீட்ரலுக்குப் பக்கத்தில் ஒரு தெருவில் என் கணவருக்கும் ஒரு துக்கம் காத்திருந்தது. கிரெமோனாவிலிருந்து வந்த ஹுவானெலோ துரியானோ என்ற கடிகாரத் தச்சருடைய மரப்பொம்மையின் கதையால் பெயர் பெற்ற தெரு அது. அந்த மனிதர் தாஹோ ஆற்றுத் தண்ணீரை, அவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் பம்ப் இல்லாத காலத்தில், கரண்டி கரண்டியாகக் கைமாற்றும் ஓர் இயந்திரத்தால் ஏறக்குறைய 100 மீட்டர் உயரத்திலுள்ள அல்கசாருக்கு ஏற்றிக்காட்டினார். அது 1569இல். நகரம் பணம் தர மறுத்துவிட்டது; தண்ணீர் முழுவதும் அரசருடைய கோட்டைக்குத்தானே போகிறது, நாங்கள் ஏன் தர வேண்டும் என்றது. நகரத்துக்காக இரண்டாவது ஒன்றையும் கட்டினார். கடன்தான் மிஞ்சியது. 1585இல் இதே ஊரில் வறுமையில் இறந்தார். "வேலை முடிந்து, தண்ணீரும் ஏறி, பில் பாஸாகவில்லையா!" என்று என் கணவர் நடுத்தெருவில் நின்றுவிட்டார். அன்று இரவு வரைக்கும் இரண்டாம் பிலிப் மன்னரைத் திட்டிக்கொண்டிருந்தார். தலைநகரை 1561லேயே மாட்ரிட்டுக்கு மாற்றிக்கொண்ட மன்னர் அவர். "அலுவலகத்தை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு வேலை கொடுப்பது பழைய தந்திரம்" என்றார்.

மாலை ஆறு ஏழு மணிக்குப் பகல்நேரக் கூட்டம் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் இறங்கிப் போய்விடுகிறது. வாள் கடைகள் இரும்புக் கதவை இழுத்து மூடுகின்றன. சொக்கொதோவெர் சதுக்கத்தில் உள்ளூர்க் கிழவர்கள் பெஞ்சுகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். பகலில் தோளோடு தோள் இடித்துப் போன சந்தில் எங்கள் காலடிச் சத்தம் மட்டும். ஒரு நாள் கூத்தே போதும் என்று சொன்ன மகன்தான் தினமும் இரவில் கடைசியாக வீடு திரும்பினான். ஊருக்குள் தங்க வேண்டும் என்று நான் நின்றது இந்த நேரத்துக்காகத்தான். மணியோசை இருந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டாயிரம் ஆண்டு பழைய ஊரில் மணியே அடிக்கக் கூடாது என்பது கொஞ்சம் அதிகம். அக்காவுக்கு அதற்கு ஈடாக மசபான் கிடைத்தது. பாதாமும் சர்க்கரையும் அரைத்துச் செய்யும் இனிப்பு. கன்னியர் மடங்களிலும் செய்து விற்கிறார்கள். சுத்த சைவம் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். பொன்னிறம் வருவதற்கு மேலே முட்டை மஞ்சள் கரு தடவுவார்கள் என்பதை நான் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்கவும் மாட்டார்.

அடுப்பு விஷயம் பாக்கி. முதல் இரவு, சிவந்த வளையத்தின் மேல் குக்கர் ஏறியது. டொலேடோவின் பழைய வீடுகள் தெருப்பக்கம் பெரும்பாலும் வெறும் சுவராக இருக்கும்; முக்கால்வாசி ஜன்னல்கள் உள்முற்றத்தைப் பார்க்கும். சத்தம் அங்கே எத்தனை மடங்காகும் என்பதை எந்த விளம்பரமும் சொல்லவில்லை. முதல் விசிலுக்கு எதிர்வீட்டு நாய் குரைத்தது. இரண்டாவது விசிலுக்கு உரிமையாளர் அம்மாள் ஈரக்கையோடு பதினெட்டுப் படிகளையும் ஓடி ஏறிவந்து கதவைத் தட்டினார். அக்காவுக்கு ஸ்பானிஷ் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அக்கா அவர் கையைப் பிடித்து அடுப்படிக்கு அழைத்துப் போய், மூன்று விரல்களைக் காட்டினார். அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றார். மூன்றாவது வந்தது. அக்கா அடுப்பை அணைத்தார். ஒரு கிண்ணத்தில் சாம்பார் சாதம் கீழே போனது. கிண்ணம் காலியாகக் கழுவித் திரும்பி வந்தது.

மறுநாள் இரவு அக்கா குக்கரை வைத்துவிட்டு, மகனிடம் புகைப்படங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விசிலை எண்ண மறந்துவிட்டார். இரண்டா, மூன்றா என்று எங்களையே கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அப்போது கீழே முற்றத்திலிருந்து ஓங்கி ஒரு குரல் வந்தது: "த்ரெஸ்!"

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.