பிழைக்கு ஒரு பக்கம்

யாழ்ப்பாணத்தில் கணினி விளையாட்டுகளுக்கு லெவல் கட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட நாங்கள் சிலர், பட்டறிந்தவற்றை ஒரு விக்கியில் திரட்டி வருகிறோம். அதைப் பகுக்கும் முறையில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஹாமர், ட்ரென்ச்புரூம் என லெவல் கட்டும் மென்பொருளின் பெயரால் பகுப்பதே ஒழுங்கு என்கிறார்கள் சிலர். பார்வைக்கு அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால், இடையில் முட்டுப்பட்டு நிற்பவர் திரையில் வந்த பிழைச்செய்தியோடுதான் விக்கிக்கு வருகிறார். ஆகவே, பிழைக்கு ஒரு பக்கம் என்பதே என் கட்சி.

ஹாமரில் நாற்சார் வீடு கட்டத் தொடங்கிய தம்பி ஒருவர் கேட்டதை எடுத்துக்கொள்வோம்: "அண்ணை, கம்பைல் பண்ணினா லீக் எண்டு வருது, ஏன்?" கம்பைல் என்பது கட்டியதை விளையாட்டு ஏற்கும் கோப்பாக மாற்றுவது, லீக் என்பது அதில் கசிவு இருப்பதாக வரும் பிழைச்செய்தி. ஹாமரில் கட்டியதை ஓட்டும் சோர்ஸ் என்ஜினில் (விளையாட்டை இயக்கும் அடித்தள மென்பொருளில்) லெவலின் உட்புறம் வெளி வெற்றிடத்தோடு எங்கும் தொடுக்காதபடி அடைபட்டிருக்க வேண்டும், இல்லையேல், எங்கிருந்து பார்த்தால் எது தெரியும் என முன்கூட்டியே கணிக்கும் விஸ் நிரல் தன் வேலையைச் செய்யாது, விளையாட்டும் கண்ணுக்குப் படாதவற்றையெல்லாம் வரைந்து மந்தமாகும். நாற்சார் வீட்டின் நடுமுற்றமோ வானம் பார்த்தது. அதற்கு மேலே வான டெக்ஸ்சர் (மேற்பரப்புப் படம்) பூசிய பிரஷ் (லெவலைக் கட்டும் திண்மக் கட்டி) ஒன்றால் மூடி போட வேண்டும். மூடிய பின்னும் லீக் போகாவிட்டால், கம்பைலர் லீக்கின் வழியைக் குறித்துவைக்கும் பாயின்ட்ஃபைலை ஹாமரில் ஏற்றும்போது தோன்றும் சிவப்புக் கோட்டைத் தொடர்ந்து செல்ல வேண்டும். அது வெற்றிடத்துக்குள் புகும் இடமே கோளாறு. அங்கே ஓட்டை எதுவும் தெரியாமலும் இருக்கலாம். முற்றத்துத் தூண்களை ஃபங்க்_டீடெய்ல் (விஸ் கணிப்பில் சேராத நுணுக்க வேலை) ஆக்கியவர், அதே கையோடு வெளிச்சுவரையும் அவ்வாறு ஆக்கியிருப்பார். அந்த வகைப் பிரஷ் வெற்றிடத்தை அடைப்பதில்லை. மென்பொருள்வாரியாகப் பகுத்தால் வானம், தூண், விஸ் என இவை மூன்று பக்கங்களுக்குச் சிதறிவிடும்.

அளவுகளை எழுதும்போது என்ஜினின் பெயரைக் கூடவே எழுதுவதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டூம் விளையாட்டில் 24 அலகு (என்ஜினின் நீள அளவு) உயரப் படியைத் தாவாமலே ஏறலாம். குவேக் விளையாட்டிலும் சோர்ஸிலும் எல்லை 18. திண்ணையின் உயரம் 20 என்று மட்டும் எழுதிவைத்தால், ஒருவருக்குச் சரியாக இருப்பது மற்றவரைப் படியடியில் நிறுத்திவிடும்.

யார் எழுதுவது என்பதும் ஒரு சிக்கல்தான். விடை தெரிந்தவர் எழுதட்டும் என்று விட்டால் அவர் எழுதுவதேயில்லை (தெரிந்தவருக்கு அது எழுதத்தக்க விடயமாகவே தோன்றாது), எழுதினாலும் இடையிலுள்ள படிகளைத் தாண்டிவிடுகிறார். டிஸ்கோர்ட் அரட்டையில் சொன்ன விடையோ அடுத்த நாளே மேலே ஓடி மறைந்துவிடுகிறது. எனவே, கேட்டவரே பக்கத்தை எழுதுவதும், விடை சொன்னவர் அதைச் சரிபார்ப்பதுமே நல்லது.

பழைய பக்கங்களை நீக்குவதற்கு நான் எதிரானவன். 1993இல் வெளிவந்த டூமுக்கு இன்றும் புதிய லெவல்கள் கட்டப்படுகின்றன. 1996இன் குவேக்குக்கும் அவ்வாறே. ஒரு குறிப்புப் பழையது என்பதால் பிழையாகிவிடுவதில்லை, எந்தக் கம்பைலரில் சோதித்தது என்ற வரி இல்லாதபோதுதான் அது பயனற்றுப் போகிறது. அந்த வரி இல்லாத பக்கங்களைத் தனிப் பகுப்பில் இட்டிருக்கிறோம். நேரமுள்ளவர் ஒன்றை எடுத்து, தம் கணினியில் கம்பைல் செய்து பார்த்து, வரியைச் சேர்த்து அந்தப் பகுப்பிலிருந்து நீக்கிவிடலாம்.