மொட்டை மாடித் திராட்சை

இந்த வேலூர் வெயிலில் அம்மா வடாம் போடுகிறார். நான் திராட்சை போட்டேன்.

மார்க்கெட்டில் 2 கிலோ விதையில்லாத பச்சைத் திராட்சை வாங்கி, சத்துவாச்சாரி வீட்டு மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்துக் காய வைத்தேன். நாலு நாளாகியும் குண்டுக் குண்டாகவே கிடந்தது.

"தோல் மேல மெழுகாட்டம் இருக்குது பாரு. அது போனாத்தான தண்ணி வெளிய வரும்" என்றார் அம்மா.

சரியாகத்தான் சொன்னார். மகாராஷ்டிராவில் சாங்லி பக்கம் இதற்கென்றே பொட்டாசியம் கார்பனேட்டும் ஒரு வகை எண்ணெயும் கலந்த நீரில் பழத்தை முக்கி எடுக்கிறார்கள். அப்புறம் நிழலில், அடுக்கடுக்காகக் கட்டிய வலையில் பரப்புகிறார்கள். நேர் வெயில் பட்டால் பழுப்பாகிவிடும். கடையில் பளபளவென்று மஞ்சளாக இருப்பது கந்தகப் புகை காட்டியது.

நான் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி மறுபடி பரப்பினேன். ஒரு வாரத்தில் தோல் சுருங்கி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. 4 கிலோவுக்கு 1 கிலோ தேறும் என்பது கணக்கு. அணில் பங்கு போக எனக்கு 400 கிராம்.

நேற்று பாயசத்துக்கு நெய்யில் போட்டதும் ஒவ்வொன்றும் பந்தாக உப்பியது. மகள் அத்தனையையும் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்கி வைத்துவிட்டாள்.