தரை முடியாமல் கண்ணாடிக்கு அளவெடுக்க விடாதீர்கள்

மதுரை மேலமாசி வீதிப் பக்கம் மாடியில் எங்கள் ஜிஎஸ்டி கணக்கு ஆபீஸ். மொத்தமே 300 சதுர அடி. நடுவில் ப்ளைவுட் தடுப்பு, ஜன்னலை அடைத்தபடி ஃபைல் ரேக். வருகிறவர்கள் மஞ்சப்பையில் இருக்கும் பில் கட்டை வாசலிலேயே நீட்டிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். தடுப்பு இருந்த இடத்தில் கண்ணாடி போட்டால் வெளிச்சம் வாசல் வரை வரும், நாலு பேர் உட்கார்ந்து பேசலாம் என்று வேலையை ஆரம்பித்தோம்.

இடிப்பு, வயரிங், பெயின்ட் எல்லாம் சுலபமாக முடிந்தது. கண்ணாடியில்தான் மாட்டிக்கொண்டோம். கான்ட்ராக்டர் பழைய தரையை வைத்து அளவெடுத்து 12 எம்.எம். டஃபன் கிளாஸுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ் ஒட்டினார்கள். தரை அரை இன்ச்சுக்கு மேல் ஏறிவிட்டது. படியில் மூச்சு வாங்கத் தூக்கி வந்து நிறுத்தினால், மேலே பீமில் இடிக்கிறது.

"ஓரத்துல லேசா தேய்ச்சுக்கலாம் சார்" என்றார் கான்ட்ராக்டர். கண்ணாடிக் கடைக்காரரிடம் கேட்டேன், தொடவே கூடாது என்றார். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சட்டென்று காற்றடித்துக் குளிர வைத்த கண்ணாடி அது. அதற்குப் பிறகு வெட்டவோ துளை போடவோ போனால் மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். புதிதாகத்தான் செய்ய வேண்டும்.

அதில் பாதிச் செலவை எங்களை ஏற்கச் சொன்னார் கான்ட்ராக்டர். நல்லவேளை, "அளவு கான்ட்ராக்டர் பொறுப்பு" என்று கொட்டேஷனில் எழுதி வாங்கியிருந்தோம். அந்த வரியைக் காட்டியதும் பேச்சு நின்றது. புதுக் கண்ணாடி அவர் செலவிலேயே வந்தது. நீங்களும் அந்த வரி இல்லாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

ஃபைல்களைக் கழித்துக்கட்டி இடம் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஜிஎஸ்டி கணக்குகளை, ஆண்டு ரிட்டனின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். அதனால் ஜன்னலை விட்டுவிட்டு, எதிர்ச்சுவரில் தலைக்கு மேலே ஷெல்ஃப் அடித்தோம். வெள்ளை வெளேரென்ற 6500 கெல்வின் லைட்டுகளை எடுத்துவிட்டு, கொஞ்சம் மஞ்சள் கலந்த 4000 கெல்வின் போட்டோம். முகம் பார்த்துப் பேச இதுதான் இதமாக இருக்கிறது.

கண்ணாடி பார்வைக்குத்தான் திறந்திருக்க வேண்டும், காதுக்கு இல்லை. ஒருவர் கடையின் விற்பனைக் கணக்கு பெஞ்சில் காத்திருப்பவருக்குக் கேட்டால் அடுத்த முறை அவர் வாய் திறக்க மாட்டார். பீம் வரை இடைவெளி விடாமல் அடைத்து, கதவின் அடியில் ரப்பர் பட்டை வையுங்கள். கண் மட்டத்தில் ஃப்ராஸ்டட் ஸ்டிக்கரும் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் வேகமாக வருகிறவர் முட்டிக்கொள்வார்.

கான்ட்ராக்டர் பணத்தில் கடைசிப் பத்து சதவீதத்தைக் கதவு ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். கதவைத் தானாக மூட வைக்கத் தரையில் பதித்த எங்கள் ஃப்ளோர் ஸ்பிரிங் போட்ட வேகத்திலேயே இறுகிக்கொண்டது. பாக்கிப் பணம் எங்கள் கையில் இருந்ததால், போன் போட்டதும் ஆள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்.