'சின்ஸ்', 'ஃபார்' குழப்பம்: ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கு நான் தயாரான விதம்

ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் பேச்சுப் பகுதியில் முதல் முறை எனக்குக் கிடைத்தது 9க்கு 5.5. "இந்த வீட்டில் எவ்வளவு நாளாக இருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். சட்டென்று "ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்" என்றேன். தேர்வாளர் திருத்தவில்லை, திருத்தவும் மாட்டார்கள். அப்புறம் வீட்டில் நான் பேசியதை போனில் பதிவு செய்து கேட்டேன். பத்து நிமிடத்தில் ஏழு முறை அதே தப்பு.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு தப்பு. 'ஆறு வருஷமாக இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் 'ஹேவ் லிவ்ட்' அல்லது 'ஹேவ் பீன் லிவிங்' வர வேண்டும். இன்னொன்று 'சின்ஸ்'. இலக்கணப் புத்தக விதி எனக்கு மனப்பாடம், ஆனால் பேசும்போது கைகொடுக்கவில்லை. கைகொடுத்தது தமிழ்தான். தமிழில் '-ஆக' வந்தால் 'ஃபார்', '-இலிருந்து' வந்தால் 'சின்ஸ்'. ஆறு வருஷமாக: 'ஃபார் சிக்ஸ் இயர்ஸ்'. 2018இலிருந்து: 'சின்ஸ் 2018'. ரொம்ப நாளாக: 'ஃபார் எ லாங் டைம்'. நம் ஊரில் பலர் சொல்லும் 'சின்ஸ் லாங்' வேண்டாம். கல்யாணம் ஆனதிலிருந்து: 'சின்ஸ் ஐ காட் மேரீட்'.

இதில் ஒரு பள்ளம் உண்டு, நானும் விழுந்தேன். 'இருந்து' என்பது 'ஃப்ரம்' ஆகவும் வரும். 'ஒன்பது மணியிலிருந்து ஐந்து மணி வரை வேலை', 'நாளையிலிருந்து வருகிறேன்' இரண்டுக்கும் 'ஃப்ரம்'தான். கூடவே 'இன்று வரை' என்று சேர்த்துப் பாருங்கள். 'கல்யாணம் ஆனதிலிருந்து இன்று வரை' பொருந்துகிறது, அது 'சின்ஸ்'. 'நாளையிலிருந்து இன்று வரை' பொருந்தாது.

விட்டுவிட்ட பழைய வேலையைப் பற்றிப் பேசினால் 'ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்' போதும், 'ஹேவ்' வேண்டாம்.

'சின்ஸ்' என்பதற்குக் காரணம் சொல்லும் '-ஆல்' என்ற பொருளும் உண்டு. 'சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங்' என்றால் மழை பெய்ததால். ஆனால் 'சின்ஸ் ஹி லெஃப்ட்' என்று எழுதினால் அவர் போனதிலிருந்தா, போனதாலா? அப்படிச் சந்தேகம் வரும் இடத்தில் 'பிகாஸ்' போட்டுவிடுங்கள்.

தினமும் ராத்திரி என் வீடு, வேலை, நண்பர்கள் பற்றி இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். முதல் வாரம் 'சின்ஸ்' வாய்க்கு வரும்போதெல்லாம் ஒரு நொடி நின்றேன். மூன்றாவது வாரத்தில் நிற்க வேண்டியிருக்கவில்லை.