கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசி டேவிஸ் வரை: பொறியியல் டிரான்ஸ்ஃபர் போன வழி

கலிஃபோர்னியாவுக்குக் குடும்பத்தோடு வந்து இறங்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலருக்குக் கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டாண்டு அரசுக் கல்லூரியைப் பற்றி வீட்டில் பேச்சே எழுவதில்லை. நேராக யூனிவர்சிட்டி கிடைக்காதவர்கள் போகிற இடம் என்று ஒரு நினைப்பு. நான் அங்கே பொறியியலில் அசோசியேட் டிகிரி என்ற இரண்டாண்டுப் பட்டத்துக்கான பாடங்களைப் படித்துவிட்டு, இப்போது யூசி டேவிஸில் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவின் டேவிஸ் வளாகம்) மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். என்னைப் போல பிளஸ் டூ முடித்த கையோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இந்த வழியில் எந்தப் பாடத்தை எப்போது எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்ல நினைக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் பிளஸ் டூ முடித்தவள். அத்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும் அப்பாவுக்காகப் போட்ட மனு பத்து ஆண்டுகளுக்கு மேல் வரிசையில் கிடந்தது. கூடப்பிறந்தவர் மூலம் வரும் விசாவில் பிள்ளைகளுக்கு 21 வயது தாண்டக் கூடாது. எனக்கு 19 வயதில் அழைப்பு வந்தது. ஃப்ரீமாண்ட் பக்கம் வந்து சேர்ந்தோம்.

படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது மாமாதான் முதலில் கேட்டார். "என்னம்மா, ரெண்டு வருஷப் படிப்புங்கறியே, நம்ம ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?" கேள்வி நியாயமானதுதான். நம் ஊரில் டிப்ளமா முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்கிறார்கள். இது அதற்குக் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் உள்ளடக்கம் வேறு. பாலிடெக்னிக்கில் தொழில் கற்றுக்கொண்டு வேலைக்கும் போகலாம். இங்கே இரண்டு ஆண்டும் கணக்கு, இயற்பியல், வேதியியல், அடிப்படைப் பொறியியல் பாடங்கள். நான்காண்டு பி.எஸ். பட்டத்தின் முதல் பாதியை இங்கே முடித்துவிட்டு பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் ஆண்டில் போய் உட்காருகிறோம். இதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். ஏபெட் என்ற அமைப்பு பொறியியல் படிப்புகளுக்குத் தரும் அங்கீகாரம் அந்த நான்காண்டுப் பட்டத்தோடுதான் சேரும். இந்த அசோசியேட் டிகிரியை மட்டும் காட்டி என்ஜினீயர் வேலை கேட்க முடியாது.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. 1960-இல் கலிஃபோர்னியா உயர்கல்விக்கென ஒரு மாஸ்டர் பிளான் போட்டது. யூசி வளாகங்கள் ஒரு தட்டு, கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வளாகங்கள் இன்னொரு தட்டு, யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ளும் கம்யூனிட்டி காலேஜ்கள் அடித்தளம், அங்கிருந்து மேலே ஏற ஒரு வழி. இன்று மாநிலம் முழுக்க 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. கதவு உண்மையிலேயே திறந்துதான் இருக்கிறது. என் வகுப்பில் ராணுவத்திலிருந்து திரும்பியவர், இரண்டு குழந்தைகளுக்கு அம்மா, பகலில் ஏசி மெக்கானிக் வேலை பார்ப்பவர் என்று எல்லாரும் இருந்தார்கள். அவர்களோடு படித்ததைப் பெரிய கொடுப்பினையாக நினைக்கிறேன்.

முதலில் காசு விஷயம். பாடத்தின் அளவை இங்கே யூனிட் என்று கணக்கிடுகிறார்கள். மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட்டுக்கு 46 டாலர்தான் கட்டணம். டிரான்ஸ்ஃபருக்கு வேண்டிய 60 யூனிட்டுக்குக் கணக்குப் பார்த்தால் 2,760 டாலர். வருமானம் குறைந்த குடும்பமென்றால் காலேஜ் பிராமிஸ் கிராண்ட் அதையும் தள்ளுபடி செய்துவிடும். யூசியில் இதே பாடங்களுக்கு ஓர் ஆண்டுக்கே 14,000 டாலருக்கு மேல் ஆகும், தங்கும் செலவு தனி. ஆனால் குடியிருப்பவர் என்ற கணக்கில் வர, வந்து ஓர் ஆண்டும் ஒரு நாளும் ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன்னால் சேர்ந்தால் வெளியாருக்கான கட்டணம், பல மடங்கு. அதனால் முதல் ஆண்டு நான் கிரெடிட் இல்லாத, அதாவது பட்டக் கணக்கில் சேராத ஆங்கில வகுப்புகளுக்குப் போனேன். அவை எல்லாருக்கும் இலவசம். மாலையில் இந்திய மளிகைக் கடையில் வேலை. அந்த ஆண்டு வீணாகப் போனதாக வீட்டில் வருத்தம். எனக்கு அப்படியில்லை. வகுப்பில் கை தூக்கிக் கேள்வி கேட்கிற தைரியம் அங்கேதான் வந்தது. எஃப்-1 விசாவில் வரும் மாணவர்களுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அவர்கள் கணக்கே வேறு.

இனிப் பாட வரிசை. பொறியியலில் டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்களின் காலத்தைத் தீர்மானிப்பது கணக்குதான். கால்குலஸ் (நுண்கணிதம்) ஒன்று, இரண்டு, மூன்று, அப்புறம் டிஃபரன்ஷியல் ஈக்குவேஷன்ஸும் லீனியர் அல்ஜீப்ராவும். ஒன்றை முடிக்காமல் அடுத்ததில் உட்கார விடமாட்டார்கள். ஆக, கால்குலஸ் ஒன்றிலிருந்து தொடங்கினாலே நான்கு செமஸ்டர். பிரீ-கால்குலஸிலிருந்து தொடங்கினால் ஐந்து. இயற்பியல் இந்தக் கணக்கின் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிறது: கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் மெக்கானிக்ஸ், மெக்கானிக்ஸ் முடித்தால்தான் ஸ்டாடிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்கள் மீதான விசைகள்), மின்சாரமும் காந்தமும் முடித்தால்தான் சர்க்யூட்ஸ். ஒரு கண்ணி நழுவினால் பின்னால் இருப்பதெல்லாம் ஆறு மாதமோ ஓர் ஆண்டோ தள்ளிப்போகும். அதிலும் ஸ்டாடிக்ஸ், சர்க்யூட்ஸ் போன்றவை பல கல்லூரிகளில் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும்.

வெளிநாட்டுப் பள்ளி மதிப்பெண் உள்ளவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தேர்வு வைப்பதில்லை. கேள்விகளைக் கொடுத்து நாமே பார்த்து முடிவு செய்யச் சொல்கிறார்கள். பிளஸ் டூவில் வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் இரண்டும் படித்திருந்ததால் கால்குலஸ் ஒன்றிலேயே சேர்ந்தேன். நம் ஊரில் கணக்குப் பாடம் எடுத்துத் தேறியவர்கள் யாரும் அதற்குக் கீழே இறங்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சேர்வது என்றால் இடம் கிடைக்க வேண்டுமே. புது மாணவருக்குப் பதிவுத் தேதி கடைசியில் வரும். அதற்குள் கால்குலஸ் வகுப்புகள் நிறைந்துவிடும். ஓரியன்டேஷனையும் கவுன்சலரோடு போடும் கல்வித் திட்டத்தையும் முன்கூட்டியே முடித்தவர்களுக்குத் தேதி சற்று முன்னால் கிடைக்கும். அப்படியும் வெயிட்லிஸ்ட்தான் என்றால் முதல் நாள் வகுப்புக்கு நேரே போய் உட்கார வேண்டும். வராதவர்களின் இடத்தை அன்றைக்கே பேராசிரியர் கொடுத்துவிடுவார். வகுப்பில் சேர அனுமதிக்கும் ஆட் கோடு எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவர் நீட்டியபோது எனக்கு ஹால் டிக்கெட் கிடைத்த மாதிரி இருந்தது.

அடுத்து அசிஸ்ட். இது மாநிலத்தின் பொது இணையதளம். உங்கள் கம்யூனிட்டி காலேஜ், போக நினைக்கும் வளாகம், பிரிவு மூன்றையும் தேர்ந்தெடுத்தால் எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் ஈடு என்று ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் பாடம், வலப்பக்கம் உங்கள் கல்லூரிப் பாடம். இந்த ஆர்டிகுலேஷன் ஒப்பந்தம்தான் நம்முடைய உண்மையான சிலபஸ். கல்லூரி தரும் அசோசியேட் டிகிரியின் பாடத்திட்டமும் இதுவும் பெரும்பாலும் ஒத்துப்போகும், முழுக்க ஒத்துப்போகாது. டேவிஸில் மெக்கானிக்கலுக்கு வரைபடம், நிரலாக்கம், சர்க்யூட்ஸ், ஸ்டாடிக்ஸ், மெட்டீரியல்ஸ் எல்லாம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குரிய பாடங்கள். இன்னொரு வளாகத்தில் அதில் ஒன்றிரண்டு இருக்காது, வேறொன்று இருக்கும். நான் நான்கு வளாகங்களின் பட்டியலை எடுத்து ஒரு பெரிய தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். எல்லாவற்றிலும் வருவதற்குச் சிவப்பு மை, ஒன்றில் மட்டும் வருவதற்குப் பென்சில். சிவப்பு மைப் பாடங்களை முதலில் முடித்தேன்.

அந்தப் பட்டியலில் இரண்டு பாடங்களைச் சேர்த்து ஒரு கட்டமாகப் போட்டு நடுவே 'மற்றும்' என்று இருந்தால் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டையும் முடித்தால்தான் ஈடு கிடைக்கும். இயற்பியல் போன்ற தொடர் பாடங்களில் பாதியை ஒரு கல்லூரியிலும் பாதியை இன்னொன்றிலும் எடுத்தால் பகுப்பு பொருந்தாமல் போகலாம். எங்கள் கல்லூரியில் ஒரு பருவத்தில் ஆள் சேரவில்லை என்று மெட்டீரியல்ஸ் வகுப்பையே ரத்து செய்துவிட்டார்கள். பக்கத்துக் கல்லூரியில் சேர்ந்து வாரம் இரண்டு மாலை பஸ் பிடித்துப் போனேன். தனிப் பாடம் என்பதால் சிக்கல் இல்லை. அதற்கும் அந்தக் கல்லூரிக்கான ஒப்பந்தத்தைத் தனியாகப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

பொதுப் பாடங்கள் விஷயத்தில் பொறியியல்காரர்களுக்குச் சொல்லப்படுவது மற்றவர்களுக்குச் சொல்லப்படுவதற்கு நேர் எதிர். வரலாறு, கலை எல்லாவற்றையும் முதலிலேயே முடித்துவிடு என்பார்கள் மற்றவர்களிடம். நமக்குக் கணக்கும் அறிவியலும் முதலில். பல துறைகளுக்கு உள்ள, இடத்தை உறுதி செய்யும் தனி டிரான்ஸ்ஃபர் பட்டம் நான் படித்தபோது பொறியியலுக்கு இல்லை. 60 யூனிட்டுக்குள் இத்தனை பாடம் அடங்காது என்பதே அதற்குக் காரணம். கால் ஸ்டேட் பக்கம் போக நினைத்தால் மட்டும் எழுத்து, பேச்சு, தர்க்கச் சிந்தனை, கணக்கு ஆகிய நான்கையும் சேர்வதற்கு முந்தைய ஸ்பிரிங் பருவத்துக்குள் முடித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டில் முடியாமல் மூன்றாவது ஆண்டும் ஆகிறவர்கள் என் வகுப்பில் நிறையப் பேர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வகுப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்டாடிக்ஸ் வகுப்பில் முப்பது பேருக்குள்தான். நடத்தியவர் பகலில் கட்டடக் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு மாலையில் பாடம் எடுக்க வருபவர். சுவரில் சாய்த்த ஏணிக் கணக்கு ஒன்று போட்டார். நான் ஊர் வழக்கப்படி சூத்திரத்தை எழுதி விடையைக் கொண்டுவந்துவிட்டேன். அவர் விடையைப் பார்க்கவே இல்லை. "படம் எங்கே?" என்றார். ஏணியைச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் பிரித்துத் தனியே வரையச் சொன்னார். வழவழப்பான சுவர் என்றால் அது ஏணியைக் கிடையாகத் தள்ள மட்டுமே செய்யும். தரை மேலேயும் தள்ளும், உராய்வால் பக்கவாட்டிலும் பிடிக்கும். தெரியாத விசைகள் மூன்று. தளத்தில் சமன்பாடுகளும் மூன்றுதான். "இப்போது சுவரும் சொரசொரப்பு என்று வை," என்றார். அம்புக்குறி ஒன்று கூடியது. தெரியாதவை நான்கு, சமன்பாடு அதே மூன்று. எவ்வளவு எழுதினாலும் அந்தச் சமன்பாடுகளை மட்டும் வைத்து விடை வராது என்பது ஒரு எண்ணைக்கூடப் போடாமல் படத்திலேயே தெரிந்தது. மதிப்பெண்ணில் பெரும்பகுதி அந்தப் படத்துக்குத்தான் கொடுப்பார். நூற்றுக்கணக்கானோர் உட்காரும் அரங்கில் இருந்திருந்தால் என் தாளுக்கு மேல் குனிந்து யாரும் "படம் எங்கே?" என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

புத்தகத்துக்குப் பெரும்பாலும் செலவாகவில்லை. ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் கால்குலஸும் இயற்பியலும் இணையத்தில் இலவசம், பல பேராசிரியர்கள் அதையே வைத்திருந்தார்கள். கல்லூரியில் மெசா மையம் இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். கணக்கு, பொறியியல், அறிவியல் படிக்கும், வசதி குறைந்த குடும்பத்து மாணவர்களுக்காகக் கலிஃபோர்னியாவில் 1970-இல் தொடங்கிய திட்டம் அது. வீட்டில் மேசை இல்லாத எனக்குப் படிக்க ஓர் இடமும் கணக்குக்குக் கூட்டாளிகளும் அங்கேதான் கிடைத்தார்கள்.

விண்ணப்பம் ஒப்பீட்டளவில் சுலபம். நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடத்தை உறுதி செய்யும், யூசியின் டேக் என்ற திட்டத்துக்குச் செப்டம்பர் மாதம் மட்டும்தான் நேரம். டேவிஸ், இர்வைன், மெர்சட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறில் ஒன்றுக்கு மட்டுமே போடலாம். பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ இதில் இல்லை. பிரிவுக்குப் பிரிவு கேட்கும் ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேறு, சில வளாகங்களில் பொறியியலின் சில பிரிவுகளே இதில் வராது, அதனால் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்தே ஆக வேண்டும். பொது விண்ணப்பத்தை அனுப்புவது அக்டோபரில் தொடங்கி நவம்பர் இறுதியோடு கிட்டத்தட்ட முடியும். நான்கு கேள்விகளுக்குத் தலா 350 சொற்களுக்குள் பதில். அதில் ஒன்று கட்டாயம்: எடுக்கப்போகும் பிரிவுக்கு எப்படித் தயாரானீர்கள்? நான் அந்த ஏணிப் படத்தைத்தான் எழுதினேன். குடும்பக் கஷ்டத்தை எழுதலாமா என்று கவுன்சலரிடம் கேட்டபோது, எழுதலாம், ஆனால் பாதிக்கு மேல் நீ செய்தது இருக்கட்டும் என்றார். நல்ல யோசனை.

அதோடு வேலை முடியாது. ஜனவரியில் ஃபால் பருவ மதிப்பெண்களையும் ஸ்பிரிங்கில் எடுக்கும் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும். மார்ச் 2-க்குள் ஃபாஃப்ஸா என்ற கல்வி உதவித்தொகை விண்ணப்பம். கிரீன் கார்டு இருந்தால் பெல் கிராண்ட், கால் கிராண்ட் இரண்டுக்கும் தகுதி உண்டு. முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும், ஜூன் 1-க்குள் சம்மதம் சொல்ல வேண்டும். எடுப்பதாகச் சொன்ன பாடத்தை ஸ்பிரிங்கில் பாதியில் விட்டால் கிடைத்த இடமே போகலாம். சம்மதம் சொன்ன பிறகுதான் பலர் அசட்டையாகிவிடுகிறார்கள், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டேவிஸில் ஒரு பருவத்துக்குக் குவார்ட்டர் என்று பெயர், அதற்குப் பத்து வாரம்தான். செமஸ்டர் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் மிட்டெர்ம் தேர்வு மூச்சுவிடும் முன்னே வந்து நிற்கும். முதல் குவார்ட்டரில் மூன்று பொறியியல் பாடங்களோடு நிறுத்திக்கொள்வது நல்லது. டைனமிக்ஸ் வகுப்பில் முதல் வாரம் பேராசிரியர் ஒரு சாய்தளக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்புவதற்குள், என் பக்கத்தில் இருந்த இரண்டு டிரான்ஸ்ஃபர் மாணவர்களும் நானும் படத்தை வரைந்து முடித்திருந்தோம்.