பேத்தி எழுதும் தமிழை அம்மாச்சியால் படிக்க முடியவில்லை

வாட்ஸப் வந்து பிள்ளைகளுக்குத் தமிழே மறந்துபோச்சு என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே மறுத்துப் பேசத் தோன்றும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், நம் அப்பா அம்மா காலத்தில் பள்ளிக்கூடம் முடிந்த பிறகும் தினமும் தமிழ் எழுதிக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேர்? மளிகைச் சீட்டு, எப்போதாவது ஒரு இன்லாண்டு லெட்டர், மொய் நோட்டு, அவ்வளவுதான். இன்றைக்குக் கல்லூரிக்குப் போகிற பிள்ளை காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும்வரை எழுதிக்கொண்டேதான் இருக்கிறது, அதுவும் 'வந்துட்டேன்', 'சாப்ட்டியா', 'என்னடி சொல்ற' என்று பேசுகிற தமிழிலேயே. திருநெல்வேலிக்காரர் 'ஏல' என்றும் கோயம்புத்தூர்க்காரர் 'ஏனுங்க' என்றும் யாழ்ப்பாணத்துக்காரர் 'ஓமோம்' என்றும் எழுதுவதை முன்பெல்லாம் கதைகளில்தான் பார்க்க முடியும். இப்போது அவரவர் ஊர்ப் பேச்சை அவரவரே கூச்சமில்லாமல் எழுதுகிறார்கள். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது.

சுருக்கி எழுதுவதையும் நான் குற்றமாக நினைக்கவில்லை. பழைய பத்திரங்களைப் பாருங்கள், நாள், மாதம், வருஷம், ரூபாய், மேற்படி எல்லாவற்றுக்கும் ஒற்றைக் குறிதான்: ௳, ௴, ௵, ௹, ௸. ஓலையில் எழுதும்போது மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்க மாட்டார்கள், குத்தினால் ஓலை கிழிந்துவிடும், படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்தில் கவன்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2009-இல் வந்தது. குறுஞ்செய்தியில் சுருக்கெழுத்து அதிகம் எழுதிய பிள்ளைகள் வாசிப்பில் பின்தங்கவில்லை, சொல்லப்போனால் மற்றவர்களைவிட நன்றாகவே செய்திருந்தார்கள். அதனால் அந்தப் பயமெல்லாம் எனக்கு இல்லை.

என் கவலை வேறு. பிள்ளைகள் எழுதுவது தமிழ், ஆனால் அதை ஆங்கில எழுத்தில் எழுதுகிறார்கள். அந்தத் தமிழை வீட்டுப் பெரியவர்கள் பாதிப் பேரால் படிக்க முடியவில்லை.

இதற்குச் சோம்பேறித்தனம் காரணம் என்று சொல்வது அநியாயம். எஸ்எம்எஸ் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரு செய்திக்கு 160 எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான யூனிகோடு என்ற கணினிக் குறியீட்டில் தமிழ் எழுதினால் 70 தான், அதிலும் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். 'வணக்கம்' என்பது நமக்கு 5 எழுத்து, போனுக்கு 7. நாலு வரி எழுதினால் ஒரு செய்தி இரண்டாகும், காசும் இரண்டு மடங்கு. இவ்வளவு செலவு செய்து அனுப்பினாலும் அந்தப் பக்கம் இருப்பவரின் போனில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். 2005-இலேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினம் என்ற மென்பொருளைக் கொண்டுவந்து, போனில் தமிழ் எழுத வழி செய்துவிட்டார். ஆனால் எல்லாப் போனிலும் தமிழ் வர இன்னும் பல வருஷம் பிடித்தது, ஆப்பிள் போனில் தமிழ் விசைப்பலகை 2013-இல்தான் கூடவே வந்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் விரல் ஆங்கில எழுத்துக்குப் பழகிவிட்டது. இன்று காசுப் பிரச்சினையும் இல்லை, கட்டப் பிரச்சினையும் இல்லை, பழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது.

என் அக்கா மகள் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள், பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம். வீட்டில் மதுரைத் தமிழ்தான் பேசுவாள், நாள் முழுக்க எங்களோடு தமிழில்தான் சாட் செய்வாள், ஆனால் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாது. என் அம்மா ஊரில் இருக்கிறார். காலையில் பேப்பரை வரி விடாமல் படிப்பவர், ஆங்கில எழுத்து தெரியாது. ஆக, பேத்தி அனுப்பிய செய்தியைப் படிக்க அம்மாச்சி பக்கத்து வீட்டுப் பையனைத் தேடிப் போக வேண்டும். அந்தக் காலத்தில் ஆங்கிலத்தில் வந்த தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடினார்களே, அதே நிலைமை, அதுவும் இரண்டு பேரும் ஒரே மொழி பேசும் வீட்டில்.

சரி, குரலில் அனுப்பலாமே என்பீர்கள். 2013-இலிருந்து வாட்ஸப்பில் அந்த வசதி இருக்கிறது, அம்மாவும் அதில்தான் பேசுகிறார். 'நல்லா இருக்கியா தங்கம்?' என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார், அந்தப் பக்கம் பதில் சொல்ல இடம் விடுகிறார். பதில் வராது என்று அவருக்குத் தெரியும், இருந்தாலும் பேச்சு என்றால் அவருக்கு அப்படித்தான். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும். வகுப்பில் இருக்கிற பிள்ளையால் அதை உடனே கேட்கவும் முடியாது, ஒரு வரியைத் திரும்பப் பார்க்கவும் முடியாது. எழுத்து செய்கிற வேலையைக் குரல் முழுதாகச் செய்துவிடாது.

ஆங்கில எழுத்தில் தமிழைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் தொல்லைதான். வி, ஏ, எல், ஐ என்று வந்தால் அது வலியா, வழியா, வாளியா? சினிமா பற்றிப் பேசும்போது தப்பாகப் படித்தால் பரவாயில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து 'தாத்தாவுக்கு இப்ப வலி தெரியல' என்று வந்தால், அவருக்கு வலி குறைந்திருக்கிறதா, இல்லை வழி தெரியாமல் எங்கேயாவது நிற்கிறாரா? போன் போட்டுக் கேட்டால்தான் புரியும்.

போனில் ஒலிபெயர்ப்பு விசைப்பலகை இருக்கிறது, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழில் வரும். அதைத்தான் அக்கா மகளுக்குப் போட்டுக் கொடுத்தேன். அடித்தாள், தமிழும் வந்தது, ஆனால் வந்தது சரியா என்று அவளால் பார்க்க முடியவில்லை. மேலே வலி, வழி, வளி என்று வரிசையாகக் காட்டினால் எதைத் தொடுவது? அங்கேதான் வேலை ஆரம்பித்தது. ஒவ்வொன்றையும் சத்தமாகச் சொல்லச் சொல்லி, இது இந்த ழ, இது அந்த ள என்று காட்டிக் கொடுத்தோம். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகள்தான், அதனால் எழுத்தைப் பிடித்துக்கொள்வது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. இப்போது அம்மாச்சிக்கு ஒன்றிரண்டு வரி தமிழில் அனுப்புகிறாள். ஒற்று போகும், ர-வும் ற-வும் மாறும். அம்மா அதைத் திருத்துவதே இல்லை, நானும் திருத்தக் கூடாது என்று சொல்லிவிட்டேன், முதலில் எழுதட்டும்.

இதை வீட்டில் நாம் செய்துகொள்ளலாம், பள்ளிகளும் செய்ய வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசே ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகை இன்று பெரும்பாலான போன்களில் கிடைக்கிறது. உயிர் இடப்பக்கம், மெய் வலப்பக்கம், க-வை இரண்டு முறை தட்டினால் புள்ளி தானாக விழும். ஆனால் தமிழ் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்கு இதைக் காட்டியிருக்கிறார்கள்? கட்டுரை, கடிதம் எல்லாம் பேப்பரில் எழுத வைக்கிறோம், பிள்ளை நிஜமாக எழுதுகிற இடத்தில் தமிழ் எழுத்தைக் கொண்டுவர எதுவும் செய்யவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வாரத்துக்கு ஒரு பீரியட் இதற்குக் கொடுங்கள் என்று பெற்றோர் கூட்டங்களில் கேட்க ஆரம்பிப்போம். தமிழ் பாடமே இல்லாத ஊரில் பிள்ளை வளர்க்கிறவர்கள், வரும்போது வாங்கிவரச் சொல்லும் சாமான் பட்டியலை இன்றிலிருந்து தமிழ் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள்.