இன்சுலினோடு ஒரு மலை இறக்கம்

கொடைக்கானல் பக்கத்து வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்கப் போகிறேன் என்றதும் வீட்டில் முதலில் கேட்டது, "ஊசி மருந்தை எங்கே வைப்பே?" நியாயமான கேள்வி. பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பேனா பொதுவாக 30 டிகிரிக்குள் நான்கு வாரம் தாங்கும். கொடைக்கானல் குளிரில் கவலையில்லை. கீழே போகப் போகத்தான் வெக்கை. டப்பாவில் போட்டு, ஈரத்துணி சுற்றி, வெயில் படாமல் காற்றுப் படும்படி தொங்கவிட்டேன்.

அதைவிடப் பெரிய தலைவலி, சர்க்கரை இறங்குவது. நடக்கிற தசை ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், அன்று ராத்திரி தூக்கத்திலும்கூட. டாக்டரிடம் பேசி டோஸைக் குறைத்து, நடக்கிற காலில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறிவிடும் என்பதால் தொடையை விட்டு வயிற்றில் போட்டேன். கை நடுங்கினால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி நேரம் உட்கார்ந்து மறுபடி விரலில் குத்திப் பார்ப்பது. கூட வந்த தம்பி கடலைமிட்டாயை நீட்டினான். அதில் கொழுப்பு இருக்கு, மெதுவாத்தான் ஏறும், அப்புறம் பார்க்கலாம்டா என்றேன். முறைத்துக்கொண்டே அவனே தின்றான்.

வெள்ளகவியில் ஊருக்குள் செருப்பு போட மாட்டார்கள். சர்க்கரைக்காரனுக்கு வெறுங்கால் ஆகாது. ஷூவைக் கழற்றித் தடித்த சாக்ஸோடு போனேன். டீ கொடுத்த அம்மா பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்ததில் சுண்டுவிரலில் மட்டும் ஒரு கொப்புளம். உடைக்காமல் துணி வைத்துக் கட்டியாயிற்று.